புது டயர் பூட்டிய பின் சரக்கு மோட்டார் சாலையில் தடுமாறுவது ஏன்?

விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத் தொழிலின் ஓர் அங்கமே என்பதை நேயர்கள் நன்கறிவர். முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டி இரவு முழுதும் நடந்து பதினைந்து இருபது மைல் சென்றது. இந்நாளிலோ ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் கோயம்பேடு அங்காடிக்கும் காய்கறியும், ஆலைக்குக் கரும்பும், கொள்முதல் நிலையத்துக்கு நெல்லும் சிறிய சரக்கு மோட்டார்களிலும் லாரிகளிலுமே போகின்றன. நிலமுடையோர் பலர் இத்தகைய வண்டியைச் சொந்தமாகவே வைத்திருக்கின்றனர். ஆகவே ஏரையும் பம்பையும் பற்றி அறிந்து வைத்திருப்பது போல வண்டிச் சக்கரத்தைப் பற்றியும் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

பழைய டயர்கள் தேய்ந்துவிட்டன என்று பெரும்பணம் செலவிட்டுப் புது டயர்கள் பூட்டுகின்றோம். கிராமச் சாலையில் வண்டி நன்றாகவே ஓடுகின்றது. நான்கு வழிச் சாலையில் ஏறி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியவுடன் வண்டி ஒரு பக்கம் அலைகின்றது. திருப்பினால் மறுபக்கம் போகின்றது. பின்பாகம் மீன் வாலைப்போல் ஆடுகின்றது. பெரிய லாரி ஒன்று கடந்து சென்றால் அதன் காற்றிலேயே வண்டி தள்ளாடுகின்றது. இவ்வாறு முறையிடுவோர் அநேகர். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் இரண்டே. ஒன்று, ‘புது டயர் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்’ என்பது. மற்றொன்று, ‘டயரே கோளாறு, மாற்றிவிடுங்கள்’ என்பது. முதற்பதிலை நம்பி நள்ளிரவில் பாரத்துடன் செல்வோருக்கு உயிராபத்தும், இரண்டாவதை நம்புவோருக்குப் பொருள் நஷ்டமும் நேரக்கூடும். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறோரிடத்தில் இருக்கும். முறையாகத் தேடினால் அதை அதிகச் செலவின்றியே கண்டுவிடலாம். அம்முறையை இங்கு எடுத்துரைப்போம்.

முதலில் தடுமாற்றத்தின் வகையை அறிதல்

வைத்தியன் நோயின் குறியைக் கேட்ட பிறகே மருந்து சொல்கின்றான். அதுபோல வண்டியோட்டியையும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, வண்டி இருபுறமும் அலைகின்றதா, அல்லது எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கின்றதா? இருபுறமும் அலைந்தால் காற்றுக் குறைவு, முன்சக்கரங்களின் நேர் தவறுதல், ஸ்டியரிங் மூட்டுகளின் தேய்மானம், டயர்க் கலப்பு ஆகியவற்றை ஐயுறுக. ஒரே பக்கமாக இழுத்தால் ஒரு சக்கரத்தில் மட்டும் காற்றுக் குறைவு, பிரேக் ஒட்டிக்கொண்டிருத்தல், டயரின் உட்கட்டில் ஏற்றத்தாழ்வு ஆகியவை காரணமாகலாம்.

இரண்டாவது, ஆட்டம் எல்லா வேகத்திலும் உண்டா, அல்லது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி அதைத் தாண்டினால் குறைகின்றதா? ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் கையில் நடுங்கினால் அது சக்கரத்தின் எடைச் சமன்மை தவறியதன் அறிகுறி.

மூன்றாவது, பாரம் ஏற்றியபோது அதிகமா, வெறும் வண்டியில் அதிகமா?

நான்காவது, எந்த நாளிலிருந்து? டயர் பூட்டிய அன்றே தொடங்கியதா, சில நாள் சென்றா? சில நாள் சென்று தொடங்கினால் சக்கர நட்டுகள் தளர்ந்தனவோ என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குமுன் வண்டியை ஓட்டவே கூடாது.

புது டயரின் சுபாவம்

புது டயர் சிறிது அசைவு கொடுப்பது மெய்யே. தேய்ந்த டயரில் ரப்பர்க் கட்டிகள் உயரம் குறைந்து கெட்டியாக நிற்கும். புது டயரில் அவை உயரமாக இருப்பதால், வண்டி திரும்பும்போது தாமே சற்று வளைந்து, பிறகே சக்கரத்தைத் திருப்பும். புதிதாய் நட்ட மூங்கில் முளையும் முக்கால் பாகம் தேய்ந்த முளையும் எவ்வாறு வேறுபடுமோ அவ்வாறே இதுவும். மேலும் அச்சில் வார்த்து எடுத்த டயரின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். ஆதலின் சுமார் 800 கிலோமீட்டர் ஓடும்வரை மிதமான வேகத்தில், சட்டென்று திருப்பாமலும் கடுமையாகப் பிரேக் போடாமலும் செல்லுதல் நலம். மழைக்காலத்தில் இது இன்னும் அவசியம்.

ஆனால் இக்குணத்துக்கு ஓர் எல்லை உண்டு. இதனால் வருவது மெல்லிய மிதப்பு மட்டுமே. அது நாளடைவில் குறைந்துகொண்டே வரும். வண்டி தன் வழியை விட்டு விலகுவதும், பின்பாகம் ஆடுவதும், ஓட்டுபவர் ஓயாமல் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டிருக்க நேர்வதும் இச்சுபாவத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்குக் காரணம் தேடியே ஆகவேண்டும்.

காற்றின் அளவு

இவ்வகைக் கோளாறுகளில் எளிதிற் காணக்கூடியதும் எளிதில் தீர்வதும் காற்றுக் குறைவே. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்ட காற்றே. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் தளர்ந்து, தலைச்சுமைக்காரன் இடுப்பு அசைவது போல வண்டி பக்கவாட்டில் அசையும். சுவர் ஓயாமல் மடங்கி விரிவதால் உள்ளே சூடேறி, இறுதியில் டயர் வெடிக்கவும் கூடும்.

பஞ்சர் கடைகளிற் சிலவற்றில் கார், வேன், சரக்கு மோட்டார் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகக் காற்று ஏற்றிவிடும் வழக்கம் உண்டு. பழைய டயர்களில் சரியான அளவு இருந்து, புது டயர்களைப் பூட்டியவர் குறைத்து ஏற்றிவிட்டால், குற்றம் டயரின்மேல் விழுகின்றது. சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். முன்சக்கரத்துக்கு ஒன்றும், பாரத்துடன் கூடிய பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக, ஓட்டுபவர் கதவோரத் தகட்டிலோ வண்டியுடன் வந்த கைப்புத்தகத்திலோ அது குறிக்கப்பட்டிருக்கும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பதே அக்கணக்கு. கடைக்காரர் ‘பாயிண்டு’ என்று சொல்வதும் இதனையே. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதோ அந்த டயர் தாங்கவல்ல உச்ச பாரத்துக்குரிய அளவு. அது எல்லா வண்டிக்கும் பொருந்தும் அளவு அன்று.

காற்றை வண்டி ஓடுமுன் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். 65 பவுண்டு உள்ள டயரில் 5 அல்லது 6 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு கூடும். ஆகையால் நெடுந்தூரம் ஓடிச் சூடான டயரில் அளவு அதிகமாகக் காட்டுகின்றதென்று காற்றை இறக்கிவிடலாகாது. இறக்கினால் விடியற்காலையில் அது குறைவாகவே நிற்கும்.

கண்ணால் பார்த்தும், காலால் உதைத்தும், சுத்தியலால் தட்டியும் காற்றை மதிப்பிடும் வழக்கத்தை விட்டொழித்தல் நன்று. ரேடியல் டயரின் பக்கச்சுவர் மெல்லியதாகையால், காற்று சரியாக இருக்கும்போதும் அடியில் பிதுங்கியே தோன்றும். அழுத்தமானி ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருப்பது, உரம் நிறுக்கத் தராசு வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்தல்

விதை மூட்டையின் அட்டையைப் பார்த்து வாங்குவது போல, டயரின் பக்கத்தில் உள்ள எழுத்தையும் வாசித்தே வாங்க வேண்டும். உதாரணமாக 195/80 ஆர் 15 என்றிருந்தால், 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதனையடுத்து 106/104 போன்ற எண் வரும். அது பாரக் குறியீடு. 106 என்றால் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது 950 கிலோ, 104 என்றால் இரட்டைச் சக்கரமாக ஓடும்போது சக்கரம் ஒன்றுக்கு 900 கிலோ தாங்கும் என்று பொருள். நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அதில் முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டும் வருஷம். 2324 என்றால் 2024ஆம் வருஷத்து 23ஆம் வாரம் செய்தது. பல வருஷம் கிடங்கிலே கிடந்த டயர் தேயாமலிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

மலிவாகக் கிடைக்கின்றதென்று பாரக் குறியீடு குறைந்த கார் டயரைச் சரக்கு வண்டிக்குப் பூட்டுவோர் உண்டு. அதன் சுவர் பாரத்துக்கு ஈடுகொடாது. எவ்வளவு காற்று ஏற்றினாலும் அலைச்சல் நிற்காது. கம்பீரமாக இருக்கட்டுமென்று அகல டயர் பூட்டுவோரும் உண்டு. 195/80க்குப் பதில் 215/75 பூட்டினால் சக்கரத்தின் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டரிலிருந்து 703 ஆக உயரும். அது சிறு மாறுதல். ஆனால் ரிம் பழைய குறுகிய ரிம்மாகவே இருந்தால், குறுகிய பீடத்தில் அகன்ற குதிரை வைத்ததுபோல் சுவர்கள் பிதுங்கி ஆடும். அன்றியும் அகலமான டயர், லாரிகள் ஓடி ஓடித் தார்ச்சாலையில் விழுந்த தடங்களின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வண்டியைத் தன்போக்கில் இழுக்கும். ஆகவே தகட்டில் குறித்த அளவையே வாங்குவது உத்தமம்.

இருவகை டயர்களைக் கலத்தலின் தீமை

டயரின் உள்ளே துணிநூலாலோ உருக்குக் கம்பியாலோ ஆன கட்டு உண்டு. பழைய வகையில் நூல்கள் கயிற்றுக் கட்டில் பின்னியதுபோல் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து செல்லும். ரேடியல் வகையில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காகச் செல்ல, அவற்றின்மேல் பட்டை ஒன்று சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். பிரான்ஸ் தேசத்து மிச்செலின் கம்பெனியார் 1946இல் இவ்வகைக்குக் காப்புரிமை பெற்று, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் தேசத்தில் லாரிகளுக்கும் சரக்கு மோட்டார்களுக்கும் நெடுங்காலம் பழைய வகையே வழங்கியது. ரேடியல் பெருவழக்கானது இந்த நூற்றாண்டில்தான். இதனாலேயே இரு வகைகளும் ஒரே வண்டியில் சேரும் சந்தர்ப்பம் நேர்கின்றது.

திருப்பத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு விதமாக நடக்கும். ரேடியல் சாலையை உடனே பற்றித் திரும்பும். பழைய வகை சற்றுத் தாமதித்து, பக்கவாட்டில் சிறிது வழுகியே திரும்பும். முன்னே ரேடியலும் பின்னே பழைய வகையும் இருந்தால் முன்பாகம் விரைந்து திரும்ப, பின்பாகம் வெளியே வீசப்படும். நெடுஞ்சாலை வேகத்தில், அதிலும் ஈரத்தில், வண்டி குறுக்கே திரும்பிவிடும் அபாயம் இதில் உண்டு. ‘முன்டயர் இரண்டை மட்டும் மாற்றினேன், அன்றுமுதல் வால் ஆடுகின்றது’ என்று ஒருவர் சொன்னால் முதலில் இதையே பார்க்க வேண்டும். நான்கிலும் ஒரே வகை இருப்பதே முறை. ஒரே அச்சில் இரு வகையைக் கலப்பது எந்நாளும் கூடாது. பணமுடையால் இரண்டு மட்டுமே ரேடியலாக வாங்க நேர்ந்தால், மற்ற இரண்டையும் மாற்றும் வரை அவை பின்னச்சிலேயே இருக்க வேண்டும்.

நான்கும் ஒரே வகையாக இருந்து இரண்டை மட்டும் புதிதாக வாங்கினாலும், நான்கு சக்கரமுள்ள சிறு வண்டியில் புதியவற்றைப் பின்னே போடுவது நலம். ஈரச்சாலையில் பின்சக்கரம் முதலில் வழுக்கினால் அதை அடக்குவது ஓட்டுபவருக்கு மிகக் கடினம். ஆயினும் முன்டயரின் வரிப்பள்ளம் சட்டம் குறித்த குறைந்த அளவாகிய 1.6 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் அதையும் உடனே மாற்றியாக வேண்டும். கனரக லாரியில் முன்சக்கரம் வெடித்தால் விபத்து பெரிதாகையால், மேல்ரப்பர் ஒட்டிப் புதுப்பித்த டயரை அங்கே முன்னச்சில் போடாதிருத்தல் வேண்டும்.

பின்னே இரட்டைச் சக்கரமுள்ள வண்டிகளில், ஜோடி டயர்கள் ஒரே உயரமாக இருத்தல் வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமானால், உயரமானதே அதிகப் பாரத்தைச் சுமந்து சூடேறும். ஜோடியில் ஒரு மாடு உயரமும் ஒரு மாடு குட்டையுமானால் நுகத்தடி எப்படி நிற்கும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

பூட்டிய விதத்தில் நேரும் தவறுகள்

டயர் நல்லதாக இருந்தும் பூட்டும்போது நேரும் அசட்டையால் கோளாறு வரலாம். ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. ரிம் வந்து அமரும் முகத்தில் துருவோ மண்ணோ தடித்த வர்ணமோ இருந்தால் சக்கரம் நேராக அமராது. சில நாளில் நட்டுகள் தளரும். பூட்டுமுன் அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

2. நட்டுகளை வரிசையாக முடுக்காமல், ஒன்றை முடுக்கியபின் அதற்கு எதிரிலுள்ளதை முடுக்க வேண்டும். 80 முதல் 150 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சோதித்து முடுக்குதல் இன்றியமையாதது. மாட்டு வண்டியில் கடையாணி எத்தகையதோ, மோட்டாரில் சக்கர நட்டு அத்தகையது.

3. டயரின் விளிம்பையொட்டி மெல்லிய வரி ஒன்று வட்டமாகச் செல்வதைக் காணலாம். அது ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக அமர்ந்தது. ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்தும் மற்றோரிடத்தில் விலகியும் இருந்தால் காற்றை இறக்கி மறுபடி அமர்த்த வேண்டும்.

4. டியூப் உள்ள டயராயின், பழைய நீண்டுபோன டியூபைப் புது டயருக்குள் போடலாகாது. அது மடிந்து உராய்ந்து கிழியும். ரேடியல் டயருக்கு ரேடியலுக்கென்றே செய்த டியூப் வேண்டும்.

5. சக்கரங்களை இயந்திரத்தில் சுழற்றி எடைச் சமன்மை பார்த்து, வேண்டுமிடத்தில் ஈயத்துண்டு பொருத்த வேண்டும். இதைச் செய்யாவிடில் நெடுஞ்சாலை வேகத்தில் நடுக்கம் தோன்றும்.

பழைய டயர் சொல்லும் சாட்சி

கழற்றிய பழைய டயர்களை உடனே விற்றுவிடாமல் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டுகின்றோம். வண்டியின் கோளாற்றை அவை எழுதி வைத்தாற்போல் காட்டும்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகையாக இருந்தது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வோ நேரோ தவறியது. கையை ஒருபுறமாகத் தடவினால் வழவழப்பும் மறுபுறமாகத் தடவினால் அரத்தின் பல்போல் சொரசொரப்பும் தோன்றினால் முன்சக்கரங்களின் நேர் நிச்சயமாகத் தவறியிருக்கின்றது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதிர்வுதாங்கி, பேரிங், எடைச் சமன்மை ஆகியவற்றில் குறை உண்டு.

இக்குறைகள் டயர் தேயும்போதே இருந்தவை. ஆனால் பழைய டயர் அக்கோணலான நேருக்கு ஏற்பத் தானும் தேய்ந்துகொண்டது. மேலும் தேய்ந்த டயருக்குப் பிடிப்புக் குறைவு. ஆதலின் மூட்டுகளின் தளர்வு ஓட்டுபவர் கைக்குத் தெரியவில்லை. புது டயர் சாலையை இறுகப் பற்றியவுடன், மறைந்திருந்த தளர்வெல்லாம் வெளிப்படுகின்றது. கோளாற்றை உண்டாக்கியது புது டயர் அன்று. அதைக் காட்டிக்கொடுத்ததே புது டயர்.

முன்னச்சைச் சோதித்தல்

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான முட்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லலாகாது. சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பார்க்க. அசைவு இருந்தால் மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்தவுடன் அசைவு நின்றால் பேரிங்கில் தளர்வு. நில்லாவிடில் கிங் பின்னிலோ பால் ஜாயிண்டிலோ தேய்மானம். அடுத்துப் பக்கவாட்டில் கைவைத்து அசைக்க. அங்கு அசைவு இருந்தால் டை ராடு முனைகள் தேய்ந்திருக்கக்கூடும்.

மூட்டுகளைச் சீர்செய்த பிறகே முன்சக்கரங்களின் நேரைச் சரிபார்க்க வேண்டும். தளர்ந்த மூட்டுகளோடு நேர் பார்ப்பது, கால் ஆடும் முக்காலியில் தராசு வைப்பதற்குச் சமம். நகரங்களில் இதற்கென இயந்திரங்கள் உள்ளன. கிராமத்தில் தோராயமாக அறியவும் வழியுண்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சுண்ணக்கட்டியால் நேர்வரி ஒன்று விழச் செய்து, இரு சக்கரத்திலும் அவ்வாறு செய்தபின் வண்டியை இறக்கிச் சிறிது முன்னே உருட்டி நிறுத்துக. அச்சின் உயரத்தில், முன்புறம் வரிக்கு வரி எவ்வளவு தூரம், பின்புறம் எவ்வளவு தூரம் என்று அளக்க. வித்தியாசம் சில மில்லிமீட்டரே இருக்கலாம். சரியான அளவு கைப்புத்தகத்தில் இருக்கும். முன்புறம் விரிந்து பின்புறம் குறுகியிருந்தால் வண்டி நேர்ச்சாலையில் நிலைகொள்ளாது அலையும். பழைய வகை டயரிலிருந்து ரேடியலுக்கு மாறியவர்கள் இந்நேரை மறுபடி அமைத்துக்கொள்ளுதல் அவசியம்.

வண்டி ஒரே பக்கமாக இழுத்தால், காற்றையும் பிரேக்கையும் பார்த்தபின், முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டிப் பார்க்க. டயரில் சுழலும் திசையைக் குறிக்கும் அம்பு இருந்தால் இம்முறை பொருந்தாது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரினுடையதே. வணிகரிடம் தயங்காது திருப்பிக் கேட்கலாம். மாறாவிடில் குற்றம் வண்டியினுடையது.

ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் முதலிலேயே அதில் கைவைப்பர். அளவுக்கு மீறி இறுக்கினால் சக்கரம் தானே நேர்நிலைக்குத் திரும்பாமற் போய், அலைச்சல் முன்னிலும் அதிகமாகும். அது கடைசியில் பார்க்க வேண்டிய இடம்.

பட்டையும் பாரமும்

அதிகப் பாரம் ஏற்றுவதற்காகப் பின்னச்சில் கூடுதல் பட்டைகளை ஏற்றும் வழக்கம் பரவியிருக்கின்றது. புது டயர் பூட்டும் நாளிலேயே இவ்வேலையையும் செய்துவிட்டு, பிறகு டயரைக் குறைகூறுவோரும் உண்டு. முன்சக்கரத்தின் திருப்புமுளை சற்றுப் பின்சாய்ந்து நிற்பதனாலேயே, சைக்கிளின் முன்சக்கரம்போல் அது தானே நேர்நிலைக்குத் திரும்புகின்றது. அச்சுக்கு அச்சு 3 மீட்டர் தூரமுள்ள வண்டியின் பின்பாகம் 75 மில்லிமீட்டர் உயர்ந்தால் இச்சாய்வு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி குறையும். மொத்தச் சாய்வே சில டிகிரிதான் என்பதால் இது பெரிய மாறுதல். வெறும் வண்டியில் மட்டும் அலைச்சல் அதிகமாயின் இதனை நினைவிற் கொள்க.

பாரம் ஏற்றியபோது மட்டும் அலைந்தால், பின்டயர்க் காற்றையும் பாரம் வைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். பாரத்தின் நடு, பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னே விழுமாறு 1,000 கிலோ ஏற்றினால், அதே 3 மீட்டர் வண்டியில் முன்னச்சின்மேல் இருக்கும் பாரம் 100 கிலோ குறைந்துவிடும். முன்சக்கரம் சாலையில் அழுந்தாது மிதக்கும். பின்பாரமான மாட்டு வண்டியில் நுகம் மேலே தூக்குவது இதே காரணத்தால்தான். கனமான மூட்டைகளை ஓட்டுபவர் அறையை ஒட்டி அடியில் அடுக்கி, இலேசானவற்றைப் பின்னும் மேலும் வைக்க வேண்டும். தகட்டில் குறித்த பாரத்துக்கு மேல் ஏற்றினால் எந்த டயரும், எந்தப் பட்டையும் காப்பாற்றாது.

ஓர் உதாரணம்

முறை விளங்குதற்பொருட்டு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டியில் நான்கு டயரும் புதிது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பாரத்துடன் போகும்போது இருபுறமும் அலைகின்றது. வெறும் வண்டியில் அலைச்சல் குறைவு. உரியவர் முதலில் நட்டுகளைச் சோதிக்கின்றார், இறுக்கமாக உள்ளன. விடியற்காலையில் காற்றை அளக்கின்றார். தகட்டில் பின்சக்கரத்துக்கு 65 பவுண்டு என்றிருக்க, உள்ளது 40. அளவுப்படி ஏற்றியபின் பின்னாட்டம் நின்றது. ஆயினும் முன்னே சிறிது அலைச்சல் மீதமிருந்தது. பழைய முன்டயரைத் தடவிப் பார்க்கையில் அரம்போல் சொரசொரத்தது. முன்சக்கரத்தைத் தூக்கி அசைக்க, டை ராடு முனை ஒன்றில் தளர்வு தெரிந்தது. அதை மாற்றி, நேரும் சரிபார்த்தபின் வண்டி கோடு கிழித்தாற்போல் ஓடிற்று. டயரை மாற்றியிருந்தால் பெருந்தொகை வீணாயிருக்கும். தளர்ந்த முனையோ அப்படியே இருந்து, ஒருநாள் கழன்றும் போயிருக்கும்.

சாலையில் தடுமாறினால் செய்யத்தக்கது

ஓடும்போதே வண்டி ஆடத் தொடங்கினால் சட்டென்று பிரேக்கை மிதிக்கலாகாது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. இரு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பற்றி, ஆக்ஸிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்க, வேகம் தானே குறையும். வேகம் நன்கு தணிந்தபின் மெல்லப் பிரேக்கிட்டு ஓரத்தில் நிறுத்தி, நட்டுகளையும் டயர்களையும் பார்க்க. டயர் வெடித்தாலும் இதே முறைதான். காரணம் அறியாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு ஊர்போய்ச் சேரலாம் என்று எண்ணுதல் விவேகமன்று.

நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் ஆட்களைச் சரக்கு வண்டியில் கூட்டமாக ஏற்றிச் செல்லுதல் சட்ட விரோதம் என்பதையும் இங்கு நினைவூட்டுகின்றோம். மூட்டை சரிந்தால் விளைவு மட்டுமே நஷ்டம். ஆட்கள் சரிந்தால் குடும்பங்கள் அழியும். அலைகின்ற வண்டியில் அவர்களை ஏற்றுவது இரட்டிப்புப் பாவம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கத்திலோ, பொது இடத்திலோ நம்பகமான அழுத்தமானி ஒன்றை வைத்து யாவரும் பயன்படுத்தச் செய்தால் அது பெரும் உபகாரமாகும். அறுவடைக் காலம் தொடங்குமுன் ஒருநாள் குறித்து, ஊர் வண்டிகளை வரவழைத்து, நட்டு, காற்று, டயர் வகை, முன்னச்சின் தளர்வு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டால், ஒரு காலைப்பொழுதிலேயே பல வண்டிகளைச் சோதித்துவிடலாம். வாசிக்கத் தெரியாத ஓட்டிகளுக்கு இக்கட்டுரையை வாசித்துக் காட்டுதலும் நலம்.

வரிசையை மீண்டும் நினைவிற் கொள்க: முதலில் நட்டு, பிறகு காற்று, பிறகு டயரின் அளவும் வகையும், பிறகு பூட்டிய விதம், பிறகு மூட்டுகள், அதன்பின் நேர், இறுதியில் பட்டையும் பாரமும். இவ்வரிசையில் முதல் மூன்றுக்கும் ஏறக்குறைய செலவே இல்லை. வயலில் பயிர் வாடினால் வேரைப் பாராது விதையைப் பழிப்பவன் நல்ல விவசாயி அல்லன். வண்டியிலும் அந்நிதானத்தையே கைக்கொண்டால், விளைவும் உயிரும் பத்திரமாகச் சந்தை சேர்ந்து வீடு திரும்பும்.